நனைந்த துணியை எண்ணிப் பாருங்கள்

வாசகி கேள்வி: எனக்கு முதல் குழந்தை, பெண். சிசேரியன். இன்றோடு 24 நாள். திண்டுக்கல் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்குக் கோவையில் வேலை, சனி ஞாயிறு வந்து போவார். சாயங்காலம் ஐந்தரை ஆனால் பாப்பா அழ ஆரம்பிக்கிறாள். பத்து மணி வரை மார்பை விடுவதே இல்லை. எடுத்தால் வீல் என்று கத்துகிறாள். ‘பால் பத்தல, பிள்ளை பசியில கத்துது’ என்று அம்மாச்சி சொல்கிறார். வீடியோ காலில் பார்த்துவிட்டு அத்தையும் ‘இளைச்சுப் போயிட்டா’ என்கிறார். பம்ப் வாங்கிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சேர்த்து 30 மில்லிதான் வந்தது. பிறந்தபோது எடை 2.900 கிலோ. நாலாம் நாள் வீட்டுக்கு வரும்போது 2.680. 18-ஆம் நாள் டாக்டரிடம் காட்டியபோது 3.060. அன்று சாயங்காலத்திலிருந்து தினம் ஒரு வேளை 60 மில்லி பவுடர் பால் பாட்டிலில் கொடுக்கிறோம். ‘கெட்டியாக் கொடுத்தா செரிக்காது’ என்று இரண்டு கரண்டிக்கு ஒரு கரண்டிதான் போடுகிறோம். இடது காம்பு வெடித்திருக்கிறது, பாப்பா வாய் வைத்தால் உயிர் போகிறது. வெயிலுக்குக் குழந்தைக்குத் தண்ணீர் தரலாமா? வசம்பு உரசிக் கொடுக்கலாமா? தெருவில் கழுதைப்பால் வருகிறது, அதையும் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கோ பத்தியம் என்று தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்க விடுவதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு அவளோடு சேர்ந்து நானும் அழுகிறேன். என்னிடம் பால் இல்லையா?

பதில்:

இருக்கிறதம்மா. உங்கள் மனது ஆறட்டும் என்று சொல்லவில்லை. கணக்கை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், கூட்டிப் பார்க்கத்தான் விட்டுவிட்டீர்கள்.

நாலாம் நாள் 2.680. பதினெட்டாம் நாள் 3.060. பதினான்கு நாளில் 380 கிராம், அதாவது நாளொன்றுக்கு 27 கிராம். இந்த வயதில் ஒரு குழந்தை தினம் 20 முதல் 30 கிராம் ஏறினால் நர்ஸுகளான நாங்கள் எடை அட்டையில் குறித்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று அடுத்த குழந்தையைக் கூப்பிடுவோம். முதல் நாலு நாளில் 220 கிராம் குறைந்ததும் பயப்படுகிற விஷயம் இல்லை. பிறந்த குழந்தை எல்லாமே கொஞ்சம் இளைக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால்தான் நாங்கள் கூர்ந்து பார்ப்போம், உங்கள் பாப்பாவுக்கு ஏழரைதான். சிசேரியனில் உங்களுக்கு ஏற்றிய குளுக்கோஸ் தண்ணீரில் கொஞ்சம் பிள்ளைக்கும் போய், பிறந்த அன்று எடையைச் சற்றுக் கூட்டிக் காட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பவுடர் பால் ஆரம்பித்தது 18-ஆம் நாள் சாயங்காலம். எடை பார்த்தது அதற்கு முன்னால். அப்படியென்றால் அந்த 380 கிராமில் ஒரு கிராம்கூட டப்பாவிலிருந்து வந்ததில்லை. ‘இல்லை’ என்று நீங்கள் நினைக்கிற பாலில் வந்த எடை அது. டாக்டரிடம் எடை பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே வீட்டில் டப்பாவை உடைத்திருக்கிறீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நான் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே என் மூத்தவனுக்கு இருபதாம் நாள் பாட்டில் எடுத்தவள். வார்டில் பத்துத் தாய்மாருக்குப் பகலெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாலை ஏழு மணி அழுகைக்கு முன்னால் தோற்றுப் போனேன். அந்த அழுகை அப்படிப்பட்டது.

எடை வாரத்துக்கு ஒரு முறைதான் தெரியும். அதற்கு நடுவில் தினம் எதைப் பார்ப்பது? துணியை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், அது வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். டயப்பர் போட்டிருந்தால் நனைந்ததா இல்லையா என்று சட்டென்று தெரியாது. அதனால் இரண்டு நாள் மட்டும் பகலிலும் இரவிலும் பழைய வேட்டித் துணியில் லங்கோடு கட்டுங்கள். ஒரு வாளியில் நனைந்த துணியைப் போட்டு வந்து, மறுநாள் காலையில் அம்மாவை எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் எண்ண வேண்டாம், அம்மாவே எண்ணட்டும். ‘பத்தல’ என்று சொல்கிற வீட்டில் ஏழெட்டு ஈரத்துணியை அலசிப் பிழிகிறவருக்கு நான் எழுதிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. மலம் மஞ்சளாக, கடுகைக் கரைத்து ஊற்றின மாதிரித் திரிதிரியாக இருந்தால் அதுவும் பால் போகிறது என்பதற்கு அடையாளம். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில குழந்தைகள் மூன்று நாலு நாளைக்கு ஒரு முறைதான் போவார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து மலச்சிக்கல் என்று பயமுறுத்துவார். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு வயிறு மிருதுவாக இருந்து, போகும்போது இளகலாகப் போனால் அது சிக்கல் இல்லை.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

ஐந்தரையிலிருந்து பத்து வரை விடாமல் சப்புவது, எடுத்தால் அழுவது, கொடுத்தால் பத்து நிமிஷத்தில் தூங்குவது, கீழே போட்டால் மறுபடி விழிப்பது. முதல் மாதங்களில் நிறையப் பிள்ளைகள் இப்படித்தான். பகலில் இரண்டு மணிக்கு ஒரு தரம் குடிக்கிற குழந்தை, மாலையில் அரை மணிக்கு ஒரு தரம் என்று நெருக்கி நெருக்கிக் குடிக்கும். அந்த நேரத்தில் மார்பும் காலையில் இருந்த மாதிரிக் கனமாக இருக்காது, தொட்டால் தொளதொளவென்று இருக்கும். ‘வற்றிவிட்டது’ என்று நினைக்கிறோம். மார்பு தண்ணீர்த் தொட்டி மாதிரி நிரம்பி, காலியாகி, மறுபடி நிரம்புகிற சாமான் இல்லை. பிள்ளை சப்பச் சப்ப அது ஊறிக்கொண்டே இருக்கும். மாலையில் வருவது மெல்ல வரும், அதனால் உட்கார்ந்தே குடிக்கிறாள். எவ்வளவு பால் வெளியே போகிறதோ அவ்வளவு ஊற வேண்டும் என்பதுதான் உடம்புக்குத் தெரிந்த கணக்கு. அந்த நாலரை மணி நேரத்தில் அவள் நாளைக்கு வேண்டிய பாலுக்கு இன்றே சொல்லி வைக்கிறாள். பாட்டில் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் அந்தச் சொல் உங்கள் உடம்புக்குப் போய்ச் சேராது. அடுத்த வாரம் கொஞ்சம் குறையும், இன்னொரு பாட்டில் வரும், உண்மையிலேயே பத்தாமல் போவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மாலை அழுகை இப்போதைக்குக் குறையாது. ஆறாவது வாரம் வரை கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதற்குப் பிறகு இறங்கி, மூன்று நாலு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எல்லா அழுகையும் பசியும் இல்லை. குடித்து முடித்தும் அழுதால் தோளில் போட்டு ஏப்பம் எடுங்கள், வேட்டித் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நடங்கள், தாத்தா இருந்தால் அவர் கையில் கொடுங்கள். உங்கள் மேல் பால் வாசனை அடிக்கிறது, தாத்தா மேல் அடிக்காது. சில நேரம் அதனாலேயே அவரிடம் சமாதானமாகிவிடும்.

பம்பில் வந்த 30 மில்லியை மறந்துவிடுங்கள். பம்பு இழுக்கிறதை வைத்து மார்பில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே முடியாது. குழந்தையின் வாய், அதன் சூடு, மணம் எல்லாம் சேர்ந்தால்தான் பால் நன்றாகச் சுரந்து இறங்கும். வெடித்த காம்பில் பிளாஸ்டிக் கூம்பை வைத்துக்கொண்டு, ‘எவ்வளவு வரும், எவ்வளவு வரும்’ என்று அளவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் இறங்குவதும் இறங்காது. அதுவும் பாப்பா குடித்து முடித்த பிறகு எடுத்திருந்தால், அது மிச்சம்தான்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். தண்ணியாகக் கலந்தால் சுலபமாகச் செரிக்கும் என்பது தப்பு. குழந்தையின் வயிறு தண்ணீரில் நிறைந்துவிடும், சத்துப் பாதிதான் போகும், ரத்தத்தில் உப்புச் சத்துக் குறைந்து வலிப்புவரை போகலாம். எப்போதாவது பவுடர் கொடுக்க நேர்ந்தால் டப்பாவில் உள்ள அளவேதான், கரண்டியைத் தலை தட்டிப் போட வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்குள் நல்ல சூடாக இருக்கும்போதே பவுடரைப் போட்டுக் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். பாட்டில் வேண்டாம், சங்கில் கொடுங்கள். நம் வீடுகளில் பரணில் ஒரு சங்கு சும்மா கிடக்கும். பாட்டிலைவிட அதைக் கழுவுவது சுலபம், பாட்டில் காம்புக்குப் பழகி மார்பைக் கவ்வத் தடுமாறுகிற குழப்பமும் வராது.

உங்கள் விஷயத்தில் அந்த ஒரு வேளைக்கு அவசியமே எனக்குத் தெரியவில்லை. ஆறு நாள்தானே ஆகிறது. நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் துணியில்லாமல் எடை பாருங்கள். நாளை மாலை பாட்டிலுக்குப் பதில் இடது, வலது, மறுபடி இடது என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஐந்து நாள் கழித்து அதே தராசில் மறுபடி எடை. நூறு கிராமாவது ஏறியிருந்தால் டப்பாவை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஏறவில்லை என்றாலோ, நடுவில் ஈரத்துணி ஆறுக்குக் கீழே இறங்கினாலோ, ஐந்து நாள்வரை காத்திருக்காமல் குழந்தைகள் டாக்டரிடம் போங்கள். அப்படி நேர்ந்தால் பவுடர் கொடுப்பது குற்றம் இல்லை, அதுவும் ஒரு மருந்துதான். மருந்தை யார் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இடது காம்புக்கு வருவோம். காம்பு வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். முதல் அரை நிமிஷம் சுரீர் என்பது சரி. குடித்து முடிக்கும்வரை வலித்தால் கவ்வல் சரியில்லை. நிலாச்சோறு உருட்டிக் கொடுக்கும்போது பெரிய உருண்டை வந்தால் நாம் எப்படி வாயைத் திறப்போம்? தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கீழ்த்தாடை முழுக்க இறங்கும். அப்படித்தான் அவளும் திறக்க வேண்டும். காம்பை அவள் வாய்க்கு நேராக வைக்காமல் மூக்குக்கு நேராக வையுங்கள். மேல் உதட்டில் லேசாகத் தடவுங்கள். காத்திருங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் மார்பைத் தள்ளாமல், அவள் முதுகை அணைத்து அவளை மார்புக்குக் கொண்டுவாருங்கள். முகவாய் மார்பில் அழுந்தி, கீழ் உதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரிந்தால் சரியாக இருக்கிறது. கன்னம் குழியக் கூடாது. ‘க்ளக், க்ளக்’ என்று விழுங்குகிற சத்தம் கேட்கும். சரியில்லை என்றால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். சுண்டு விரலை வாய் ஓரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு வேளைக்கு நாலு முறை ஆனாலும் பரவாயில்லை.

சிசேரியன் தையலில் அவள் கால் உதைக்கிறது என்றால், மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்குகிற மாதிரி அவளை உங்கள் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கால் உங்கள் முதுகுப்பக்கம் போய்விடும், தலை உங்கள் உள்ளங்கையில் இருக்கும். இடது பக்கத்துக்கு இந்தப் பிடி இன்னும் வசதி. குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலைப் பிழிந்து காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

அம்மாச்சியின் பட்டியல். தண்ணீர், ஆறு மாதம்வரை வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயில் நாளில் இரண்டு வேளை கூடுதலாகக் குடிப்பாள், அதுவே போதும். கழுதைப்பால், சங்கு நிறையக் காசு வாங்கிக்கொண்டு காய்ச்சாத பாலைக் கொடுப்பார்கள். சீக்கும் வயிற்றுப்போக்கும் இலவசம். தேன் ஒரு வயதுவரை கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் நரம்பையே முடக்கும். வசம்பும் உரை மருந்தும் வாய்க்குள் போக வேண்டாம். வசம்பின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘பேர் சொல்லாதது’ என்று சொல்கிற அம்மாச்சியிடம் போய் அது விஷம் என்று சண்டை போடாதீர்கள். தொட்டில் கயிற்றின் உச்சியில், பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு துண்டைக் கட்டச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம், தேய்க்கிற சுகம் அவளுக்கும் பிடிக்கும். மூக்கில் காதில் எண்ணெய் விடுவதும், ஊதுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம். வாய்க்குள் போக வேண்டிய ஒன்று வைட்டமின் டி சொட்டு மருந்து, தினம் 400 யூனிட். டாக்டர் எழுதியிருப்பார், சீட்டைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் வாய்க்கு: தாகம் எடுத்தால் குடியுங்கள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். தையல் புண் தண்ணீரால் சீழ் பிடிக்காது. வழக்கமாகச் சாப்பிடுவதைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், ரசம் சாதமும் பூண்டும் மட்டும் அதற்குக் காணாது. பால்சுறாப் புட்டு, முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு, பழம் எல்லாம் சாப்பிடுங்கள். பூண்டு பால் ஊற வைக்கும் என்று உரித்துக் கொடுத்தால் ருசிக்குச் சாப்பிடுங்கள், பாலை ஊற வைக்கிறவள் உங்கள் மடியில் இருக்கிறாள்.

மூன்று மணி அழுகை எனக்குக் கவலை தருகிறது. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு, தானாக விலகிவிடும். உங்களுக்கு 24 நாள் ஆகிவிட்டது. தூக்கமில்லாத அலுப்பா, இல்லை பகலிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா, பாப்பா தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா, ‘நான் இல்லாவிட்டால் இவளுக்கு நல்லது’ என்று நினைப்பு வருகிறதா? பின்னால் சொன்ன மூன்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் பிரசவ டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கடைசி நினைப்பு வந்தால் அந்த நொடியே அம்மாவை எழுப்பிவிடுங்கள்.

அலுப்புதான் என்றால் வேலையைப் பிரியுங்கள். பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் மட்டும் முடிந்தது. ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது அம்மாவுக்கும் தெரியும். சனிக்கிழமை வருகிற அப்பாவுக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இந்தச் சனிக்கிழமை கற்றுக்கொள்ளட்டும், விருந்தாளி மாதிரி வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போக வேண்டாம். வீடியோ காலில் எடை பார்க்கிற அத்தைக்கு எடை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புகிற வேலையையும் அவரிடமே விடுங்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுட்டால், எழுப்பினாலும் எழாமல் பால் குடிக்காமல் துவண்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், மூச்சு வாங்கினால், மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கினால், ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பிறகு கடைவாயில் வழிகிற தயிர் மாதிரிப் பால் வாந்தி இல்லை, அது வெறும் கக்கல்.

தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில், விக்கல் எடுத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் தர வேண்டாம், ஒன்றுமே செய்ய வேண்டாம். அம்மாச்சி சேலை முந்தியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து எச்சில் தொட்டு உச்சியில் ஒட்டினால் ஒட்டட்டும். விக்கல் நின்றதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், அந்த நூல் அவள் கையில் சிக்கினால் நேரே வாய்க்குத்தான் போகும்.